பதினெட்டாயிரம் ரூபாய் விளையாட்டுப் பெட்டி

வரலாறு பெரும்பாலும் வென்ற பொருள்களுக்கே எழுதப்படுகிறது. வானொலிக்கு வரலாறு உண்டு. மிதிவண்டிக்கும் தையல் இயந்திரத்துக்கும் உண்டு. கடைக்கு வந்து, விலைபோகாமல், சில ஆண்டுகளில் மறைந்துபோன பொருளின் கதையை எழுதுவார் அரியர். ஆயினும் ஒரு காலத்தின் சட்டமும் சந்தையும் மனமும் எவ்வாறு இயங்கின என்பதைச் சில வேளைகளில் தோற்ற பொருளே தெளிவாகக் காட்டிவிடுகிறது. அத்தகைய பொருளொன்றைப் பற்றியது இக்கட்டுரை.

1995ஆம் ஆண்டின் கோடைத் தொடக்கத்தில், ஜப்பானைச் சேர்ந்த செகா நிறுவனம் கல்கத்தாவின் ஷா வாலஸ் நிறுவனத்துடன் உரிம ஒப்பந்தம் செய்துகொண்டு, ‘மெகா டிரைவ்’ என்னும் வீடியோ விளையாட்டுக் கருவியை இந்தியச் சந்தைக்குக் கொண்டுவந்தது. தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து வீட்டில் விளையாடும் கருவி அது. விலை 18,000 ரூபாய். உலகெங்கும் மூன்று கோடிக்கு மேல் விற்ற இக்கருவி இந்தியாவில் வேர்கொள்ளவில்லை. இன்று நாற்பதைக் கடந்த தமிழர் பலரைக் கேட்டுப் பாருங்கள். மரியோவையும் காண்ட்ராவையும் உடனே சொல்வார்கள். மெகா டிரைவைத் தொட்டவர் அவர்களுள் மிகச் சிலரே. ஏன் இப்படி ஆயிற்று?

கருவியின் பிறப்பு

மெகா டிரைவ் ஜப்பானில் 1988 அக்டோபர் 29 அன்று வெளியாயிற்று. 1989இல் ‘ஜெனிசிஸ்’ என்ற பெயரில் அமெரிக்காவுக்கும், 1990இல் ஐரோப்பாவுக்கும் சென்றது. அதுவரை வீடுகளை ஆண்டுகொண்டிருந்தது நின்டென்டோவின் ஃபேமிகாம். 1983இல் பிறந்த அக்கருவி 8 பிட் வகையைச் சேர்ந்தது. மெகா டிரைவோ 16 பிட் கருவி. ஒரே நேரத்தில் கையாளும் தரவின் அகலம் இரு மடங்கு என்று எளிமையாகக் கொள்ளலாம். மோட்டோரோலா 68000 என்னும் மையச் செயலி அதன் மூளை. ஆப்பிளின் முதல் மெக்கின்டோஷ் கணினியிலும் இருந்த செயலி அதுவே. இசைக்கென்று யமஹா நிறுவனத்தின் தனிச்சில்லு ஒன்றும் உள்ளே இருந்தது. 1991இல் வெளிவந்த ‘சோனிக்’ என்னும் நீலநிற முள்ளெலியின் ஓட்டத்தைக் கண்டவர்கள் இக்கருவியின் விரைவை மறக்கமாட்டார்கள்.

ஆகவே, இந்தியாவில் இக்கருவி தோற்றதற்குக் கருவியின் குறை காரணமன்று. காரணத்தை அது வந்த காலத்திலும், வந்த வழியிலும், அதன்மேல் ஏறிய விலையிலும் தேடவேண்டும்.

முன்னோடியின் பாடம்

மெகா டிரைவ் இந்த வழியில் வந்த முதற்கருவி அன்று. அதற்கு முன்பே நின்டென்டோவின் கருவி ‘சாமுராய்’ என்ற பெயரில் இந்தியாவில் விற்கப்பட்டது. மின்னணுப் பொருள்களை முழுமையாக இறக்குமதி செய்ய அக்காலச் சட்டம் இடங்கொடுக்கவில்லை. எனவே நின்டென்டோவின் உரிமத்தோடு, உதிரிப் பாகங்களாக வந்தவற்றை இங்கே பூட்டி விற்றார்கள். ஜப்பானிய வீரனின் பெயர் தாங்கிய அப்பெட்டியும் நிலைக்கவில்லை. அதன் இடத்தைப் பிடித்தவை யாருடைய உரிமமும் இல்லாத நகல் கருவிகள். அவற்றைப் பற்றிப் பின்னர்ச் சொல்கிறேன்.

உரிமம் பெற்று வருவது விலையுயர்ந்து தோற்கும். உரிமமின்றி வருவது விலைகுறைந்து வெல்லும். சாமுராய் கற்பித்த பாடம் இதுவே. ஆனால் 1991இன் பொருளாதாரச் சீர்திருத்தத்துக்குப்பின் நிலைமை மாறிவிட்டது என்று பலரும் நம்பிய காலம் அது. செகாவும் அந்நம்பிக்கையோடு வந்திருக்கலாம்.

மதுப்புட்டியில் அறிந்த பெயர்

செகா தேர்ந்த இந்தியக் கூட்டாளியின் பெயர் காரைக்கால் பகுதியினருக்குப் புதிதன்று. புதுச்சேரி ஆட்சிப் பகுதியில் மதுவுக்கு வரி குறைவு. அதனால் எல்லை கடந்து வருவோர் மிகுதி. திருமலைராயன்பட்டினத்தை அடுத்த பட்டினச்சேரி போன்ற மீனவ ஊர்களிலிருந்து கடைத்தெருவுக்குப் போகும் வழியெங்கும் மதுக்கடைப் பலகைகளைக் காணலாம். டைரக்டர்ஸ் ஸ்பெஷல், ராயல் சேலஞ்ச் என்னும் விஸ்கி வகைகளும், ஹேவர்ட்ஸ் 5000 என்னும் பீரும் அன்று ஷா வாலஸின் சரக்குகளாக இருந்தன.

1886இல் கல்கத்தாவில் தொடங்கிய வணிகக் குழுமம் அது. ஆங்கிலேயர் காலத்து முகவாண்மை நிறுவனங்களுள் ஒன்று. எண்ணெய், தேயிலை, உரம் எனப் பலவற்றில் கைவைத்த பின்னர் மதுவில் நிலைபெற்றது. 1980களின் பிற்பகுதியில் துபாய் வணிகர் மனு சாப்ரியாவின் கைக்கு வந்தது. சாப்ரியாவின் முதன்மைத் தொழில் எது தெரியுமா? துபாயின் ஜம்போ எலெக்ட்ரானிக்ஸ். வளைகுடாவில் சோனி நிறுவனப் பொருள்களை விற்றுப் பெருகிய கடை அது. மின்னணுப் பொருள் விற்கும் பழக்கம் உரிமையாளருக்கு இருந்தது. இந்தியாவெங்கும் கடைவலை அவருடைய நிறுவனத்துக்கு இருந்தது. தாளில் எழுதிப் பார்த்தால் பொருத்தமான கூட்டாகவே தோன்றும்.

விலையின் கணக்கு

அக்காலத்தில் இத்தகைய கருவிகளின் மீது 80 விழுக்காடு இறக்குமதி வரி இருந்தது. அச்சுமையைத் தவிர்க்கவே செகா நேரடியாக இறக்குமதி செய்யாமல் உரிம ஒப்பந்தத்தை நாடியது. அவ்வாறு நாடியும் விலை 18,000 ரூபாயில் வந்து நின்றது.

இத்தொகையின் பொருளை அக்காலத்து அளவையால் அளந்தால்தான் விளங்கும். 1986ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு ஊதிய விகிதப்படி, கல்லூரி விரிவுரையாளர் ஒருவரின் தொடக்க அடிப்படை ஊதியம் மாதம் 2,200 ரூபாய். 1995இல் நடைமுறையில் இருந்ததும் அவ்விகிதமே. அகவிலைப்படியும் பிற படிகளும் தனி என்றாலும், அடிப்படை ஊதியத்தில் எட்டு மாதத் தொகை ஒரு விளையாட்டுப் பெட்டிக்குள் அடங்கிவிடும். அதன்பின் விளையாட்டு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே கேசட் வாங்கவேண்டும். (கார்ட்ரிட்ஜ் என்பதே அதன் பெயர், நம் ஊர்களில் அது கேசட்தான்.) படித்து வேலைக்குப் போனவர் நிலையே இதுவென்றால், படகுக்கூலியை நம்பிய குடும்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னோர் ஒப்பீடும் உண்டு. சோனியின் முதல் பிளேஸ்டேஷன் 1994 டிசம்பரில் ஜப்பானிலும், 1995 செப்டம்பரில் அமெரிக்காவிலும் வெளிவந்தது. அமெரிக்க விலை 299 டாலர். அன்றைய மாற்று மதிப்பில் இது பத்தாயிரம் ரூபாயை ஒட்டிய தொகை. அதாவது, ஏழாண்டுப் பழமையான கருவிக்கு இந்தியக் குடும்பம் கொடுக்கவேண்டிய விலை, அமெரிக்கக் குடும்பம் புத்தம்புதிய அடுத்த தலைமுறைக் கருவிக்குக் கொடுத்த விலையைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. செகாவே தன் அடுத்த கருவியான சாட்டர்னை 1994 நவம்பரில் ஜப்பானில் வெளியிட்டுவிட்டது. பிற நாடுகளில் விடைபெறத் தொடங்கிய கருவிக்கு இங்கே அப்போதுதான் வரவேற்பு.

சுங்கமும் கடற்கரையும்

சுங்கம் என்பது இக்கடற்கரைக்குப் பழகிய சொல். காரைக்காலுக்கு வடக்கே சில மணிநேர நடைத்தொலைவில்தான் காவிரிப்பூம்பட்டினம். அங்கே வந்திறங்கும் சரக்குகளுக்கும் ஏறிச்செல்லும் சரக்குகளுக்கும் சுங்க அலுவலர்கள் புலிமுத்திரை இட்ட காட்சியைப் பட்டினப்பாலை விரிவாகக் கூறும்.

பிற்காலத்தில் காரைக்காலே ஒரு சுங்க எல்லையாயிற்று. 1739இல் பிரெஞ்சுக்காரர் வசமான இவ்வூர் 1954 நவம்பர் 1 வரை அவர்களிடம் இருந்தது. கடல் நீங்கலாக மூன்று பக்கமும் ஆங்கிலேயர் நிலமாக, பின்னர்ச் சுதந்திர இந்தியாவாக இருக்க, நடுவே ஒரு தனியாட்சி. இந்தப் பக்கம் மலிவான பொருள் அந்தப் பக்கம் அரிது; இடையே காவலும் உண்டு, கள்ளக்கடத்தலும் உண்டு. வரிக்கோடு கிழிக்கப்பட்ட இடத்தில் அதைத் தாண்டும் ஒற்றையடிப் பாதையும் தோன்றிவிடும் என்பதை நூலைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய தேவை இவ்வூர் மக்களுக்கு இருந்ததில்லை.

அப்பாதை 1990களிலும் இருந்தது. ரஜுலா கப்பல் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஓடிய காலந்தொட்டே, கடல்கடந்து உழைத்தவர்கள் திரும்பும்போது கொண்டுவந்த பெட்டிகளில் டிரான்சிஸ்டரும் கைக்கடிகாரமும் இருந்தன. பின்னர் வளைகுடாவிலிருந்து டேப் ரெக்கார்டரும் வீடியோ பிளேயரும் வந்தன. சென்னையில் 1969இல் பர்மாவிலிருந்து திரும்பியோரின் பிழைப்புக்கென்று எழுந்த பர்மா பஜார் அயல்நாட்டுப் பொருள்களின் கடலாயிற்று. பெட்டியில் வரும் பொருளும் பஜாரில் கிடைக்கும் பொருளும் இருக்கையில், முழுவரியின் சுமையோடு கண்ணாடி அலமாரியில் அமர்ந்திருக்கும் பொருளை யார் நாடுவர்?

நகலின் வெற்றி

அந்த இடைவெளியில்தான் நகல் கருவிகள் புகுந்தன. ஃபேமிகாமின் மின்சுற்று முழுவதையும் தைவான், சீன உற்பத்தியாளர்கள் ஒரே சில்லுக்குள் சுருக்கிவிட்டிருந்தார்கள். அச்சில்லின்மேல் கறுப்புப் பிசின் ஒரு துளி; சுற்றிலும் மெல்லிய பிளாஸ்டிக் கூடு; இரண்டு ஜாய்ஸ்டிக்; ஒரு துப்பாக்கி. தொலைக்காட்சியின் ஆன்டெனாத் துளையில் செருகினால் விளையாட்டு ஓடும். மெகா டிரைவின் விலையில் இதன் விலை ஒரு சிறு பங்கு. ரஷ்யாவில் இதே நகலுக்கு 1992 முதல் ‘டென்டி’ என்று பெயர். நம் ஊரில் தனிப்பெயர் எதுவும் நிலைக்கவில்லை. ‘டிவி கேம்’ என்றாலே போதும்.

இதன் கேசட்டுகளின் மேல் ‘9999 விளையாட்டுகள்’ என்று அச்சிட்டிருப்பார்கள். உண்மையில் இருப்பவை பத்தோ இருபதோதான். ஒரே விளையாட்டை வேறு கட்டத்தில் தொடங்கவைத்தும், வேறு பெயர் சூட்டியும் எண்ணிக்கையைப் பெருக்கினார்கள். இந்தத் தந்திரத்தைப் பிள்ளைகள் முதல் நாளே கண்டுபிடித்துவிடுவார்கள்; ஆனால் யாரும் வருந்தியதில்லை. தெருவில் ஒரு வீட்டில் கருவி இருந்தால் அத்தெருப் பிள்ளைகள் அனைவருக்கும் அது போதுமானதாக இருந்தது. முறைவைத்து ஆடினார்கள், ஆடாதவர்கள் சூழ்ந்திருந்து வழிசொன்னார்கள். காண்ட்ராவில் முப்பது உயிர் பெறும் பொத்தான் வரிசை வாய்மொழியாக ஊர் ஊராகப் பரவியது. நாட்டார் வழக்காறு என்று நாம் வகுப்பில் கற்பிப்பது இதனினும் வேறானதா என்று நான் எண்ணுவதுண்டு.

எனவே, இந்தியர்க்கு வீடியோ விளையாட்டில் நாட்டமில்லை என்ற விளக்கம் பொருந்தாது. நாட்டம் நிரம்ப இருந்தது. அதை எட்டும் விலையில் வந்தது நகல் ஒன்றே.

பிரேசில் சென்ற வழி

வேறு வழி இருந்ததா? இருந்தது என்பதற்குப் பிரேசில் சான்று. அங்கும் கடுமையான இறக்குமதித் தடைகள் இருந்தன. அங்கும் நகல்கள் பெருகின. அங்கும் ஏழ்மை உண்டு. 1987இல் தோன்றிய டெக்டாய் என்னும் பிரேசில் நிறுவனம் செகாவின் உரிமம் பெற்று, அமேசான் காட்டின் நடுவே உள்ள மனாவுஸ் நகரின் வரிச்சலுகை மண்டலத்தில் கருவிகளை உள்நாட்டிலேயே உற்பத்தி செய்தது. அத்தோடு நில்லாமல், விளையாட்டுகளைப் போர்த்துகீசிய மொழியில் பெயர்த்தது. ‘வொண்டர் பாய்’ என்ற ஜப்பானிய விளையாட்டின் நாயகனை அகற்றிவிட்டு, பிரேசில் பிள்ளைகள் அறிந்த படக்கதைச் சிறுமியான மோனிகாவை அங்கே நிறுத்தியது. மெகா டிரைவ் மட்டும் அந்நாட்டில் ஏறத்தாழ முப்பது இலட்சம் விற்றதாகக் கணக்கு.

அதே செகா, அதே கருவி. ஒரு நாட்டில் அது மண்ணின் மொழி பேசியது. மற்றொன்றில் 18,000 ரூபாய்ச் சீட்டைக் கட்டிக்கொண்டு வந்து நின்றது. டெக்டாய்க்குப் பொம்மையும் மின்னணுவுமே முழுத்தொழில். ஷா வாலஸுக்கோ இது மதுவின் ஓரத்தில் நடந்த ஒரு பக்கத்தொழில். இவ்வேறுபாட்டையும் நாம் கணக்கில் கொள்ளவேண்டும்.

விளையாட்டு என்னும் வகைப்பாடு

விலை மட்டுமே காரணம் என்று கூறி முடித்துவிடலாமா? அதே 1995ஐ மீண்டும் பாருங்கள். ஜூலை 31 அன்று இந்தியாவின் முதல் செல்பேசி அழைப்பு நிகழ்ந்தது. ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணைய இணைப்பைத் திறந்தது. செல்பேசியும் இணையமும் அன்று செல்வர்க்கே எட்டும் பொருள்கள். அவை தோற்கவில்லை. ஏனெனில் அவற்றின் விலையைக் குறைப்பது நாட்டின் கடமை என்று அரசும் கருதியது, மக்களும் கருதினர். 1997இல் உலகத் தகவல் தொழில்நுட்ப உடன்பாட்டில் இந்தியா சேர்ந்தது. கணினிகளின் மீதான சுங்கவரி படிப்படியாகக் குறைந்து இல்லாமலே போயிற்று.

விளையாட்டுக் கருவி அப்பட்டியலில் இல்லை. உள்ளே இருப்பது செயலி, நினைவகம், சில்லு, கணினியில் உள்ளவையே. ஆனால் சுங்க அட்டவணையில் கணினிக்கு இடம் 84ஆம் அதிகாரம். தொலைக்காட்சியோடு இணைக்கும் வீடியோ விளையாட்டுக்கு இடம் 95ஆம் அதிகாரம். அங்கே அதன் அண்டை வீட்டார் சீட்டுக்கட்டும் பில்லியர்ட்ஸ் மேசையும். ஒரே மோட்டோரோலா செயலி எழுத்துப்பணி செய்தால் அறிவுக்கருவி, முள்ளெலியை ஓட்டினால் கேளிக்கைப் பொருள். இவ்வகைப்பாடு உலகு தழுவியது. இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. ஆயினும் நம் வீடுகளில் நிலவிய எண்ணமும் அதுவே. கணினி வகுப்புக்குக் கடன் வாங்கியேனும் பணம் கட்டிய பெற்றோர், விளையாட்டுப் பெட்டிக்குப் பணம் கேட்டால் பிள்ளை கெட்டுவிட்டான் என்றே கருதினர்.

தமிழ் மரபு விளையாட்டை இவ்வாறு தாழ்த்தவில்லை என்பதை இங்கே குறிப்பிடவேண்டும். உவகை தோன்றும் களங்கள் நான்கு என்று வகுத்த தொல்காப்பியர், செல்வம், அறிவு, கூடல் ஆகியவற்றோடு விளையாட்டையும் நான்காவதாக வைத்தார். பிள்ளைத்தமிழ் நூல்கள் சிற்றிலையும் சிறுதேரையும் அம்மானையையும் ஊசலையும் பருவங்களாக்கிப் பாடின. விளையாட்டு வீண்பொழுது என்ற எண்ணம் நம்மிடம் எப்போது நுழைந்தது என்பது தனியே ஆராயத்தக்கது. தேர்வு மதிப்பெண்ணே வாழ்க்கை என்று ஆன காலத்தில் அது உறுதிப்பட்டது என்பது என் எண்ணம்.

பின்னிகழ்ந்தவை

2001இல் செகா கருவி உற்பத்தியையே கைவிட்டு, விளையாட்டுகளை மட்டும் ஆக்கும் நிறுவனமாக மாறியது. மனு சாப்ரியா 2002இல் காலமானார். 2005இல் ஷா வாலஸ் விஜய் மல்லையாவின் யு.பி. குழுமத்தின் கைக்குப் போயிற்று. அந்நிறுவனத்தின் நீண்ட கதையில் மெகா டிரைவுக்கு ஓர் அடிக்குறிப்பளவும் இடமில்லை.

நம்மைப் போன்ற நாடுகளுக்கென்றே ஒரு கருவி செய்வோம் என்ற எண்ணம் பின்னர் வேறு வடிவில் எழுந்தது. டெக்டாயும் அமெரிக்காவின் குவால்காமும் சேர்ந்து உருவாக்கிய ‘ஸீபோ’ 2009இல் பிரேசிலில் வெளிவந்தது. கேசட்டோ வட்டோ இல்லை. செல்பேசி அலைவழியே விளையாட்டு இறங்கும். எனவே நகலெடுக்க வழியில்லை. இந்தியாவும் அதன் திட்டத்தில் இருந்தது. இங்கே வந்துசேருமுன்பே 2011இல் கடை கட்டப்பட்டது. அதே செல்பேசி அலை பிறகு பட்டினச்சேரி வரைக்கும் வந்துவிட்டது. இன்று கரையில் வலைபின்னும் இளைஞர் கையிலும் விளையாட்டு இருக்கிறது. ஆனால் அது விளையாட்டுக் கருவியாக வரவில்லை. பேசும் கருவி என்ற பெயரில், வேறு அதிகாரத்தின் வழியாக உள்ளே வந்தது.

நமக்கு நேர்ந்த இழப்பு ஒரு நீல முள்ளெலியைக் காணாதது அன்று. அசலைச் செய்யும் பட்டறை இங்கே அமையவில்லை; அதைத் தமிழில் பேசவைக்கும் முயற்சியும் எழவில்லை. பிரேசிலில் ஒரு தலைமுறை, உள்நாட்டில் செய்த கருவியில் தன் மொழியில் விளையாடிற்று. நம் தலைமுறை, பெயரில்லாத நகலில் புரியாத மொழியில் விளையாடிற்று. நாம் அடைந்த மகிழ்ச்சி குறைந்ததன்று. ஆனால் ஆடுவோராகவே நின்றுவிட்டோம். ஆக்குவோராகத் தொடங்கப் பல்லாண்டுகள் ஆயின.

இறுதியாக ஒரு வேண்டுகோள். தோற்ற பொருள்களுக்கு அருங்காட்சியகம் அரிது. அவற்றின் இருப்பிடம் வீட்டுப் பரண்தான். எங்கள் கடற்கரையில் 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலை அப்பரண்களையும் கொண்டுபோயிற்று. உள்நாட்டு ஊர்களில் அவை இன்னும் இருக்கும். பழைய கேசட்டோ, ஜாய்ஸ்டிக்கோ, விலைச்சீட்டு ஒட்டிய அட்டைப்பெட்டியோ கண்ணில் பட்டால் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். வாங்கிய ஆண்டும் கடையும் விலையும் நினைவிருந்தால் ஒரு தாளில் எழுதி அப்பெட்டிக்குள்ளேயே வையுங்கள். ஐம்பது ஆண்டு கழித்து நம் காலத்தின் வரலாற்றை எழுத முனைபவருக்கு, சுங்க அட்டவணை சொல்லாத செய்தி ஒன்றை அந்தத் தாள் சொல்லும்.